ஆக்ரா உருளையும் அப்பாவின் சிப்ஸும்

போன வருஷம் அப்பாவுக்கு பிரஷர் எகிறிப் போய் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். டிஸ்சார்ஜ் பண்ணும்போது டாக்டர் ஒரு லிஸ்ட் கொடுத்தார். அதில் முதல் வரி உப்பு, ரெண்டாவது எண்ணெயில் பொரித்தது. அப்பா லிஸ்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாடா, அப்போ சாயங்காலத்துக்கு இன்னா?" என்றார்.

அந்தக் கேள்வியின் வெயிட் எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த மனுஷன். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போது சட்டைப் பையில் நியூஸ்பேப்பர் பொட்டலம் ஒன்று இருக்கும். தெருமுனைக் கடையில் சுடச்சுடப் போட்ட உருளைக்கிழங்கு சிப்ஸ், மேலே மிளகாய்த்தூள். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பொட்டலம் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. சின்ன வயசில் எனக்கு அப்பா வாசனை என்றால் கிரீஸும் சிப்ஸும் கலந்த வாசனைதான்.

சரி, பொட்டி தட்டுற பையன் எதுக்கு இருக்கான்? ஒரு ஓ.டி.ஜி. ஓவன் வாங்கினேன். "எண்ணெயே இல்லாம அதே சிப்ஸ் போட்டுத் தரேன்பா"ன்னு சவால் வேற விட்டேன். முதல் ஈடு வெளியே வந்தது. ஓரமெல்லாம் கருப்பு, நடுவில் ரப்பர், வாயில் வைத்தால் கசப்பு. அப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இன்னா நைனா இது, கருவாடா?" என்றார்.

காசிமேட்டுக்குப் பக்கத்தில் வாழ்கிற மனுஷன் கருவாடு என்று சொன்னால் அது சும்மா சொன்னது இல்லைங்க. மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

ஆபீஸில் ஆணி குறைவாக இருந்த இரண்டு வாரம் இதையே நோண்டினேன். சூட்டைக் குறைத்தேன், கூட்டினேன். மெல்லிசாகச் சீவினேன், தடியாகச் சீவினேன். ஓவனில் பக் இல்லை, இன்புட்டில்தான் பக் என்று கடைசியில்தான் புரிந்தது. அதாவது கிழங்கு! அந்தக் கிழங்கின் வரலாறைத் தேடிப் போனால் அது பெரு நாட்டு மலையில் ஆரம்பித்து, ஊட்டி, குஜராத் கோர்ட் கேஸ் எல்லாம் சுற்றி எங்க வீட்டு அடுப்படிக்கு வந்து நிற்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு உட்காருங்க.

மலைக்காரர்களின் வத்தல்

முதலில் ஒரு சந்தேகம் தீர்த்துக்கொள்வோம். உருளைக்கிழங்கு நம்ம ஊர்க் காய் இல்லை. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, மிளகாய், தக்காளி எதுவுமே இல்லை. எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. அப்பா வாங்கி வந்த பொட்டலத்தில் கிழங்கும் மிளகாய்த்தூளும் இரண்டுமே வெளியூர். உப்பு மட்டும்தான் உள்ளூர். எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் உப்பளங்கள் இருந்த பகுதிதானே நம்முடையது.

தென் அமெரிக்காவில் இன்றைய பெரு, பொலிவியா எல்லையில் இருக்கும் டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றிய ஆண்டீஸ் மலைப்பகுதியில், சுமார் 8000 வருஷத்துக்கு முன்பே உருளையைப் பயிர் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அதைவிட ஆச்சரியம், அவர்கள் அதைப் பதப்படுத்திய விதம். இரவில் உறைபனியில் கிழங்கைப் பரப்பி வைப்பார்கள். பகலில் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்துவிட்டு வெயிலில் காய வைப்பார்கள். இப்படிச் சில நாள் செய்தால் கல் மாதிரி ஆகிவிடும். அதற்குப் பெயர் சூன்யோ. வருஷக்கணக்கில் கெடாது. இன்கா பேரரசின் களஞ்சியங்களில் இது குவித்து வைக்கப்பட்டிருந்தது.

இதைப் படித்ததும் எனக்கு அம்மா மொட்டை மாடியில் வேட்டி விரித்துப் போடும் வத்தல் ஞாபகம் வந்தது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சௌகார்பேட்டை. அங்கே குஜராத்தி, மார்வாடி வீடுகளில் வெயில் காலத்தில் உருளையைச் சீவி, அரை வேக்காடு வேக வைத்து, மாடியில் காய வைத்து, டப்பாவில் வருஷம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு பனி இருந்தது, நமக்கு வெயில் இருக்கிறது. வேலை ஒன்றுதான்: உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றுவது. உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். சிப்ஸ் என்பதே தண்ணீர் இல்லாத உருளைதான். இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோபத்தில் பிறந்த சிப்ஸ்?

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயின்காரர்கள் மூலமாக உருளை ஐரோப்பா போனது. அங்கே ரொம்ப நாள் சீந்துவாரில்லை. அது பெரிய கதை, இப்போது வேண்டாம். சிப்ஸுக்கு வருவோம்.

எல்லாரும் சொல்லும் கதை இது. 1853, அமெரிக்காவில் சரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற ஊர். மூன்ஸ் லேக் ஹவுஸ் என்ற ஓட்டலில் ஜார்ஜ் கிரம் என்று ஒரு சமையல்காரர். கறுப்பின, செவ்விந்தியக் கலப்பு வம்சம். சாப்பிட வந்த பணக்காரர் ஒருவர் "வறுவல் தடியாக இருக்கிறது" என்று திருப்பித் திருப்பி அனுப்ப, கடுப்பான கிரம் காகிதம் போலச் சீவி, கருகப் பொரித்து, உப்பை அள்ளிப் போட்டு அனுப்பினாராம். அவர் அதை ரசித்துச் சாப்பிட்டாராம். இப்படித்தான் சிப்ஸ் பிறந்ததாம்.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனால் 1817இலேயே லண்டனில் வில்லியம் கிட்சினர் என்பவர் எழுதிய சமையல் புத்தகத்தில், உருளையை மெல்லிய சீவலாகச் சீவிப் பொரிக்கும் செய்முறை அச்சாகியிருக்கிறது. கிரம் நல்ல சமையல்காரர், பின்னால் சொந்த ஓட்டலே நடத்தியவர். ஆனால் சிப்ஸைக் கண்டுபிடித்தவர் என்ற பட்டம் அவருக்கு மற்றவர்கள் சூட்டியது.

எனக்குப் பிடித்த பாத்திரம் வேறு ஒருவர். கலிபோர்னியாவில் லாரா ஸ்கடர் என்ற பெண்மணி. அதுவரை சிப்ஸைப் பீப்பாயிலோ கண்ணாடிப் பெட்டியிலோ கொட்டி வைத்து அள்ளித்தான் விற்பார்கள். அடியில் இருப்பது நமுத்துப் போகும். 1926இல் இவர் ஒரு வேலை செய்தார். தன்னிடம் வேலை பார்த்த பெண்களிடம் மெழுகுத் தாளை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார். அவர்கள் ராத்திரி அதை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிப் பையாக்கிக் கொண்டு வருவார்கள். மறுநாள் அதில் சிப்ஸை நிரப்பி மேலே ஒட்டிவிடுவார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டின் பாட்டி அந்தப் பைதான். எங்க தெருவில் அப்பளத்துக்கு மாவு வாங்கிப் போய் வீட்டில் தேய்த்துக் கொடுக்கும் அக்காக்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் இந்தக் கதையைப் படித்தபோது அந்த இஸ்திரிப் பெட்டி பிடித்த கைகளைத்தான் நினைத்தேன்.

மசாலா சேர்ந்த கதையும் ஒரு சாப்பாட்டு மேசையில்தான் நடந்தது. லண்டனில் ஃப்ராங்க் ஸ்மித் 1920இல் ஆரம்பித்த கம்பெனி, பாக்கெட்டுக்குள் நீலத் தாளில் உப்பைத் தனியாக முடிந்து போட்டு விற்றது. வேண்டுமென்றால் பிரித்துத் தூவிக்கொள்ளலாம். 1954இல் டப்ளினில் ஜோ மர்பி ஆரம்பித்த டேட்டோ கம்பெனியில், சீமஸ் பர்க் என்ற ஊழியர் மேசையில் உட்கார்ந்து கலந்து கலந்து பார்த்து, சீஸும் வெங்காயமும் சேர்ந்த சுவையைக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் சிப்ஸ் என்றால் வெறும் உப்பு என்ற காலம் போனது.

நீலத் தாள் விஷயம் எனக்கு அன்றைக்கே மண்டையில் ஏறிவிட்டது. உப்பு தனி! அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஊட்டிக்கு வந்த உருளை

இந்தியாவுக்கு உருளை போர்ச்சுக்கீசியர் வழியாக மேற்குக் கடற்கரையில் இறங்கியது. மராத்தியிலும் குஜராத்தியிலும் இன்றும் அது 'படாட்டா'தான். நம்ம ஆட்கள் பேரைக் கடன் வாங்கவில்லை. உருண்டையாக இருக்கிறதா, உருளைக்கிழங்கு. அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது.

தமிழ்நாட்டில் உருளையின் தாய்வீடு நீலகிரி. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். 1822 வாக்கில் ஊட்டியில் கல் வீடு கட்ட ஆரம்பித்தார். அவர் கொண்டுவந்த இங்கிலீஷ் காய்கறிகளில் உருளையும் ஒன்று. வெள்ளைக்காரர்களின் சாப்பாட்டுக்காக வந்த பயிரைப் படகர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் நீலகிரியின் முக்கியப் பணப்பயிராகவே ஆனது. மலையில் தோண்டிய மூட்டைகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, அங்கிருந்து ஊர் ஊராகப் போகும். மெட்ராஸுக்கு வந்தவை கொத்தவால் சாவடியில் இறங்கும். 1996இல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போகும் வரை எங்க தாத்தா மூலக்கொத்தளத்திலிருந்து அங்கே நடந்தே போய் வாங்கி வருவாராம். செம்மண் ஒட்டியிருந்தால் ஊட்டி உருளை, அது அவர் கணக்கு.

(மூலக்கொத்தளம் என்றதும் சுடுகாடுதானே என்பவர்களுக்கு: கொத்தளம் என்றால் கோட்டை மதிலில் பீரங்கி வைக்கும் இடம். பழைய கறுப்பர் நகரத்தைச் சுற்றி 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மதிலை வைத்து வந்த பேர். சுடுகாடும் சாதாரணம் இல்லை. 1939இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று உயிர் விட்ட நடராசன், தாளமுத்து இருவரும் இங்கேதான் இருக்கிறார்கள்.)

1949இல் பாட்னாவில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பமானது, 1956இல் சிம்லாவுக்குப் போனது. அதற்கு அடுத்த வருஷம் ஊட்டி முத்தோரையில் ஒரு கிளை. நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. 1961இல் வினை வந்தது. நீலகிரி மண்ணில் பொன்னிற நூற்புழு என்ற பூச்சி இருப்பதை ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். கண்ணுக்குத் தெரியாத புழு. வேரில் ஒட்டிக்கொண்டு குண்டூசித் தலை அளவு கூடு கட்டும். அந்தக் கூட்டுக்குள் முட்டைகள் வருஷக்கணக்கில் உயிரோடு மண்ணில் கிடக்கும். நீலகிரி விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை வந்தது. முத்தோரை விஞ்ஞானிகள் புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா என்ற ரகத்தை 1985இல் கொடுத்தார்கள். ஆனாலும் தேயிலை பரவப் பரவ உருளை நிலம் சுருங்கிக்கொண்டே போனது.

இந்தப் பக்கம் உத்தரப் பிரதேசம் உருளையில் நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. இன்று நம்ம தெருக் கடையில் பெரும்பாலும் கிடைப்பது ஆக்ரா உருளைதான்.

எனக்கு வந்த பக் இதுதான்

ஆக்ரா பக்கம் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. வருஷம் முழுக்க விற்க வேண்டுமே? குளிர் கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் வைப்பார்கள். முளைக்காது, அழுகாது. ஆனால் குளிரில் கிழங்குக்குள் இருக்கும் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். குழம்புக்கு, மசாலுக்கு லேசாக இனிக்கும், அவ்வளவுதான். சிப்ஸுக்கோ ஆப்பு! சர்க்கரையும் கிழங்கில் இருக்கும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்தால் நிறம் கறுக்கும், கசக்கும். 1912இல் பிரெஞ்சு விஞ்ஞானி மெய்யார் விளக்கிய வினை இது. தோசை முறுகுவதும் இதே வினையால்தான். அளவோடு இருந்தால் மணம், மிஞ்சினால் கருவாடு :-)

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 2002இல் ஸ்வீடன் அரசின் உணவுத் துறை ஒரு குண்டைப் போட்டது. மாவுச்சத்து உணவை 120 டிகிரிக்கு மேல் பொரித்தாலும் சுட்டாலும் அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது என்றார்கள். ஆய்வுக்கூட விலங்குகளுக்குப் புற்றுநோய் வரவழைக்கும் பொருள் அது. சர்க்கரை ஏறிய கிழங்கில் இது அதிகம். ஓவனில் சுட்டால் வராது என்று நினைக்காதீர்கள், கருக விட்டால் அதிலும் வரும். எண்ணெயைக் குறைத்துவிட்டேன் என்று அப்பாவுக்குக் கருகலை ஊட்டப் பார்த்திருக்கிறேன். இதைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லைங்க.

சிப்ஸுக்கென்றே ஒரு கிழங்கு, அதற்கு ஒரு கேஸ்

இந்தச் சர்க்கரைப் பிரச்சினை கம்பெனிகளுக்கு முன்பே தெரியும். 1992இல் அங்கிள் சிப்ஸ் வந்தது. 1995இல் லேஸ் வந்தது, 2000இல் அங்கிள் சிப்ஸையே பெப்சிகோவின் ஃப்ரிட்டோலே வாங்கிவிட்டது. சிப்ஸ் தொழிலுக்கு சர்க்கரை குறைவாக, தண்ணீரும் குறைவாக இருக்கும் கிழங்கு வேண்டும். சிம்லா நிலையம் 1998இல் குஃப்ரி சிப்ஸோனா 1, 2 என்று இரண்டு ரகங்களை வெளியிட்டது. பேரிலேயே சிப்ஸ்! அரசாங்கம் உருவாக்கிய ரகம், யாரும் பயிரிடலாம்.

பெப்சிகோ தன் ரகத்தைத் தனியாக வைத்திருந்தது. எஃப்.எல். 2027, விவசாயிகள் வாயில் எஃப்.சி. 5. 2016இல் இந்தியாவில் பதிவு செய்தார்கள். 2019 ஏப்ரலில், அனுமதி இல்லாமல் இதைப் பயிரிட்டார்கள் என்று குஜராத்தின் சிறு விவசாயிகள் மேல் கேஸ் போட்டார்கள். நாலு பேரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்ட ஈடு கேட்டார்கள். நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவரிடம் ஒரு கோடி! நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. மே மாதமே கேஸை வாபஸ் வாங்கினார்கள்.

விவசாயிகள் பக்கம் ஒரு சட்டம் நின்றது. 2001ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம். பதிவான ரகமே ஆனாலும் விவசாயி அதன் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். பிராண்ட் பேர் போட்டு மட்டும் விதையாக விற்கக் கூடாது. 2021 டிசம்பரில் அந்தப் பதிவே ரத்தானது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச், ரத்து செய்ததை ரத்து செய்தது. பதிவு பெப்சிகோ பக்கம் திரும்பினாலும், சட்டத்தில் விவசாயிக்குள்ள உரிமை அப்படியே இருக்கிறது.

நாங்களும் சாஃப்ட்வேரில் லைசன்ஸ், ஓப்பன் சோர்ஸ் என்று அடித்துக்கொள்கிறவர்கள்தான். ஆனால் கோடு தானாக முளைக்காது. உருளை, மூலையில் கிடந்தாலே முளைக்கும். 8000 வருஷமாக ஆண்டீஸ் மலைக்காரன் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததன் மேல் கடைசியாக நாலு வரி எழுதியவன், முழு புரோகிராமும் என்னுது என்றால் எப்படி?

சரி, சிப்ஸ் வந்ததா இல்லையா?

வந்தது. சிப்ஸோனாவுக்கு நான் எங்கே போவேன்? வழி ரொம்ப எளிது. குளிர் கிடங்கில் இருந்த கிழங்கைச் சாதாரண அறைச் சூட்டில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் சர்க்கரை குறையும். பெரிய தொழிற்சாலைகளே செய்யும் வேலை. நான் கோணிப்பையில் போட்டு, வெளிச்சம் படாமல், காற்றோட்டமாகக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். பச்சை பாய்ந்ததையும் முளை விட்டதையும் தூக்கிப் போட்டேன். புதிதாகத் தோண்டிய ஊட்டி உருளை கிடைத்தால் இந்தக் காத்திருப்பும் வேண்டாம்.

அரைக் கிலோ கிழங்கைத் தோல் சீவி, சீவு கட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவுங்கள். தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். மேல் மாவும் கொஞ்சம் சர்க்கரையும் போகும். பிறகு கொதிக்கும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு இரண்டு நிமிஷம் போட்டு எடுங்கள். இன்னும் கொஞ்சம் சர்க்கரை இறங்கும். வேட்டித் துணியில் ஒத்தி ஒத்திக் காய வையுங்கள். இந்த இடத்தில் சோம்பேறித்தனம் கூடவே கூடாது. தண்ணீர் போகாத உருளை சிப்ஸ் ஆகாது.

ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் பிசறி, தட்டில் ஒன்றன் மேல் ஒன்று படாமல் அடுக்கி, 150 டிகிரியில் 25 நிமிஷம். பாதியில் திருப்பிப் போடுங்கள். கடைசி ஐந்து நிமிஷம் ஓவன் முன்னாடியே நில்லுங்கள். வெளிர் பொன் நிறம் வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். ஆறினால் மொறுமொறுப்பு வரும். தட்டு சின்னது என்பதால் இரண்டு மூன்று ஈடாகத்தான் போட வேண்டும். 1500 வாட் ஓவன், 40 நிமிஷம் ஓடினால் அதிகபட்சம் ஒரு யூனிட். ஈ.பி. பில் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

கணக்கும் போட்டேன். கடைச் சிப்ஸில் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். என் அரைக் கிலோ கிழங்கு, தோலும் தண்ணீரும் போய் சுமார் 100 கிராம் சிப்ஸ். அதில் எண்ணெய் 14 கிராம். பாதிக்கும் கீழே. ஆனால் இதுவும் தினம் தின்னும் பண்டம் இல்லை.

உப்புக்கு அந்த நீலத் தாள் ஐடியா. சுடும்போது உப்பே போடுவதில்லை. மிளகாய்த்தூள், மிளகு, வறுத்த சீரகம், துளி ஆம்சூர் கலந்து சூடாக இருக்கும்போதே தூவிவிட்டு, அப்பாவின் உப்பை மட்டும் ஒரு சின்னப் பேப்பரில் முடிந்து வைத்தேன். இரண்டு சிட்டிகை. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு டீஸ்பூன். குழம்பு, ரசம், மோர் எல்லாம் அதற்குள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நியூஸ்பேப்பரைக் கூம்பாகச் சுற்றி, உள்ளே எண்ணெய்த்தாள் வைத்து, சிப்ஸைப் போட்டு, மேலே உப்பு முடிச்சை வைத்து அப்பா கையில் கொடுத்தேன். அவர் முடிச்சைப் பிரித்தார். பாதியைத் தூவினார். மீதியை மறுபடி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒன்றைக் கடித்தார். சத்தம் எனக்குக் கேட்டது.

"கட சிப்ஸ் மாதிரி இல்ல" என்றார். இன்னொன்று எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஊட்டிக் கெழங்கு வந்தா சொல்றேன், மார்க்கெட்டுக்கு நானே போய்ப் பாத்து வாங்கினு வரேன். உனுக்குக் கெழங்கு பாக்கத் தெரியாது" என்றார்.

தாத்தா கணக்குதான். செம்மண் ஒட்டியிருக்க வேண்டும்.

நீங்களும் போட்டுப் பாருங்க. முதல் ஈடு கருகினால் ஓவனைத் திட்டாதீங்க, கிழங்கை விசாரிங்க.